வெல்லும் என்று ஊரே நம்பிய குதிரை நெடும்பந்தயத்தில் தோற்பது ஏன்?

கேள்வி: தேவகோட்டை வாசகர்

மாட்டு வண்டிப் பந்தயத்தையும் குதிரை வண்டிப் பந்தயத்தையும் சாலையோரத்தில் நின்று பார்த்தே வளர்ந்தவன் நான். சென்ற வாரம் என் பெரியப்பாவுடன் அமர்ந்து, 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த பெல்மாண்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தின் காணொளியைப் பார்த்தேன். ஸ்மார்ட்டி ஜோன்ஸ் என்ற குதிரை அதற்கு முன் ஓடிய 8 பந்தயங்களிலும் தோல்வியே கண்டதில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் கெண்டக்கி டெர்பியை வென்று, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தைப் பதினொன்றரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றிருந்தது. பெல்மாண்டிலும் கடைசி நேர்ப்பாதைக்குள் முதலாவதாகத்தான் நுழைந்தது. ஆயினும், யாரும் பொருட்படுத்தாத, 36-க்கு 1 என்று (ஒரு ரூபாய் கட்டினால் 36 ரூபாய் லாபம்) விலை சொல்லப்பட்ட பேர்ட்ஸ்டோன் என்ற குதிரை, முடிவுக் கோட்டை நெருங்கும் வேளையில் அதைக் கடந்து ஒரு குதிரை நீளத்தில் வென்றுவிட்டது.

இது பணம் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்த ஓட்டம் என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை; ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்லும் அளவுக்குக் காரணமும் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: கால்நடை மருத்துவர், காரைக்குடி

தங்கள் பெரியப்பாவிடம் முதலில் தூரத்தைச் சொல்லுங்கள். டெர்பியின் தூரம் ஒன்றேகால் மைல், அதாவது ஏறத்தாழ 2,012 மீட்டர். பிரீக்னஸ் அதைவிடவும் சிறிது குறைவு. பெல்மாண்ட் அந்த ஆண்டு ஒன்றரை மைல், ஏறத்தாழ 2,414 மீட்டர். அங்கே ஓடும் மூன்று வயதுக் குதிரைகளில் பெரும்பாலானவை அந்தத் தூரத்தை அதற்கு முன் ஓடியதே இல்லை. மக்கள் அவற்றின் பழைய வெற்றிகளைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். கடைசி 400 மீட்டரைப் பற்றி அந்த வெற்றிகள் எதுவும் சொல்வதில்லை.

குதிரையின் உடல் ஓட்டத்துக்கென்றே அமைந்தது போன்றது. ஓடத் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. இதனால் இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் மிகவும் கூடுகிறது. ஆனால் குதிரையால் மூக்கின் வழியாக மட்டுமே மூச்சு விட முடியும், நாயைப் போல வாயைத் திறந்து இரைக்க முடியாது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கும் மாறாது. ஆகவே ஆக்சிஜன் வரும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிய வேகத்தில் ஓடும்போது தசையில் அமிலத்தன்மை ஏறி, பாய்ச்சலின் நீளம் குறைகிறது. பார்ப்பவர்களுக்கு ஜாக்கி (குதிரையோட்டி) கடிவாளத்தை இழுத்துப் பிடித்ததைப் போலத் தோன்றலாம். உண்மையில் அவர் முன்னே தள்ளிக்கொண்டிருந்தாலும் குதிரையிடம் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை.

பிறவியும் இதில் சேரும். தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் ஒரு வகை குறுந்தூரத்துக்கும் மற்றொரு வகை நெடுந்தூரத்துக்கும் பொருந்துவதாக 2010-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொடை பருத்த குதிரை நெடுந்தூரத்திலும் வெல்லும் என்று எண்ணுவது தவறு.

பதில் 2: கிண்டி லாயத்தில் பணிபுரிந்தவர், இப்போது பள்ளத்தூர்

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் அந்தப் பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்தது தூரம் மட்டுமன்று, தூரத்தைச் செலவழித்த விதம் என்பது என் கருத்து. கால் மைல் கால் மைலாகப் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டு கால் மைல்களும் தலா 24 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடப்பட்டன. ஒன்றரை மைலுக்கு அது நியாயமான வேகம்தான். அதன் பிறகு பக்கத்துக் குதிரைகள் ஒன்று மாற்றி ஒன்றாக ஸ்மார்ட்டி ஜோன்ஸை நெருக்கின. மூன்றாவது கால் மைல் ஏறத்தாழ 23 விநாடியிலும் நான்காவது 24 விநாடிக்குள்ளும் முடிந்தன. மூச்சு வாங்க வேண்டிய நடுப்பகுதியில் அந்தக் குதிரை முன்பகுதியைவிட வேகமாக ஓடியது. கடைசிக் கால் மைலுக்கு அதற்கு 27 விநாடி ஆயிற்று. நெருக்கிய குதிரைகளும் களைத்துப் பின்தங்கிவிட்டன. அந்தப் போட்டியில் சேராமல் பின்னால் வந்த பேர்ட்ஸ்டோன் மட்டும் சேமித்து வைத்ததைக் கடைசியில் செலவழித்தது. அது டெர்பியில் எட்டாவதாக வந்து, பிரீக்னஸில் கலந்துகொள்ளாமல் ஓய்வெடுத்த குதிரை என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்மார்ட்டி ஜோன்ஸுக்கோ ஐந்து வாரத்தில் அது மூன்றாவது பந்தயம்.

முன்னால் போகும் குதிரை என்றால் எல்லோரும் அதைத்தான் குறிவைப்பார்கள். நம் பக்கத்தில் ஓர் எல்லை வரை போய்த் திரும்பும் எல்கைப் பந்தயத்திலும், போக வர எட்டு மைல் என்றால், எல்கையைத் திருப்பும் வரை மாட்டை அடக்கி ஓட்டுகிற சாரதியைத்தான் பெரியவர்கள் மெச்சுவார்கள். போகும்போதே இரைத்துவிட்ட மாடு வரும்போது நடக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு செய்தி. பெல்மாண்டில் ஆண் குதிரைகள் அனைத்தும் முதுகில் சுமக்கும் எடை ஒன்றேதான். எடை ஏற்றத்தாழ்வு வைக்கும் பந்தயங்களில் நல்ல குதிரைக்கே அதிகச் சுமை. 1973-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் என்ற தடை தாண்டும் பந்தயத்தில் கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ சுமந்து, ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் வெகுநேரம் மிக முன்னால் ஓடியது. அதைவிட 10 கிலோவுக்கு மேல் குறைவாகச் சுமந்த ரெட் ரம், முடிவுக் கோட்டுக்கு அருகில் வந்து முக்கால் நீளத்தில் வென்றது. கடைசித் தடையைத் தாண்டிய பின் கிரிஸ்ப் தள்ளாடியதைக் காணொளியில் பார்க்கும் போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

கேட்டவர்: தேவகோட்டை வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. கால் மைல் கணக்கைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் ஜாக்கி ஏன் அடக்கி ஓட்டவில்லை, குற்றம் அவருடையதுதானே என்று கேட்கிறார்.

பதில் 3: கிண்டி லாயத்தில் பணிபுரிந்தவர்

அவர் மீது பழி சொல்ல என் மனம் ஒப்பவில்லை, தம்பி. இரு பக்கமும் குதிரைகள் நெருக்கும்போது, முந்திச் செல்வதையே பழக்கமாகக் கொண்ட குதிரையைப் பலமாக இழுத்தால் அது தலையைத் தூக்கிக் கடிவாளத்தோடு போராடும். அந்தப் போராட்டமும் அதே வலிமையைத்தான் தின்னும். விட்டால் ஒரு செலவு, பிடித்தால் மற்றொரு செலவு. உங்கள் பெரியப்பாவை அந்தக் காணொளியில் நடு அரை மைலை மட்டும், முன்னால் போகும் குதிரையின் தலையையும் ஜாக்கியின் கைகளையும் கவனித்து, மீண்டும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.