ரசாயன ரயில் விபத்துக்குப் பிறகு உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களுக்கு எதைக் கொடுத்து உதவுவது?

கேள்வி:
சரக்கு ரயில் தடம்புரண்டு ரசாயனம் தீப்பற்றினால் முதலில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்களே. 2023 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் 38 பெட்டிகள் தடம்புரண்டபோது விரைந்தவர்களில் பலர் தன்னார்வலர்கள். இத்தகைய விபத்துக்குப் பின் திரளும் நன்கொடையை எதில் செலவிட்டால் அவர்களுக்கு உண்மையில் பயன்படும்?

மறுமொழி 1:
முதலில் உடைகளைக் கவனியுங்கள். தீயணைப்பு உடை வெப்பத்தைத் தாங்கத் தைக்கப்பட்டதே தவிர, ரசாயன ஆவியைத் தடுப்பதற்கானது அன்று. நச்சு ஊறிய உடையைத் துவைத்தும் தூய்மையாக்க முடியாமல் கழித்துவிட நேரிடலாம். ஒரு நிலையத்தின் உடைகள் அனைத்தும் அவ்வாறு ஒரே நாளில் போய்விட்டால், மறுநாள் ஒரு வீடு எரிந்தாலும் செல்ல ஆளிருந்தும் உடையிராது. புதிய வண்டி வாங்கித் தருவது படத்துக்கு அழகாக இருக்கலாம், அவசரத் தேவை மாற்று உடைதான்.

மறுமொழி 2:
உடையைவிட உடல்நலப் பதிவை முன்னே வைப்பேன். ஈஸ்ட் பாலஸ்தீனில் எரிந்த வினைல் குளோரைடு என்ற ரசாயனம், நீண்டகாலத் தொடர்பில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அத்தகைய நோய்கள் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். யார், எந்த இடத்தில், எவ்வளவு நேரம், மூச்சுக்கருவியுடனா இன்றியா நின்றார் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி, இரத்தப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் செய்து வைக்காவிட்டால், பின்னாளில் அவர் இழப்பீடு கோரும்போது காட்டுவதற்கு ஒரு தாள்கூட இராது. தன்னார்வலர்களுக்கு இதைச் செய்துதர வேறு முதலாளியும் இல்லை.

மறுமொழி 3:
இரண்டும் சரி, ஆனால் பணத்தால் மட்டும் தீராத ஒன்று இருக்கிறது. டேங்கர் பெட்டியின் அபாயப் பலகையில் உள்ள நான்கிலக்க ஐ.நா. எண்ணே சரக்கு இன்னதென்று சொல்லும்: 1017 என்றால் குளோரின், 1086 என்றால் வினைல் குளோரைடு. எண் தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் விலகி நிற்பது, எந்தப் பகுதி மக்களை வெளியேற்றுவது என்பதை முடிவுசெய்ய முடியும். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளங்களில் தேங்கும். 2005இல் தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் நடந்த ரயில் விபத்தில் அது கசிந்து 9 பேர் இறந்தனர். ஈஸ்ட் பாலஸ்தீனிலோ பலகைகள் தீயில் கருகின, சரக்குப் பட்டியலும் தாமதமாகவே வீரர்களுக்குக் கிடைத்தது. ஆகவே, பட்டியலை உடனடியாக வழங்கும்படி ரயில் நிறுவனத்தை வற்புறுத்துங்கள். நன்கொடையில், எட்ட நின்று எண்ணைப் படிக்க நல்ல தொலைநோக்கிகளும் வாங்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்த உடல்நலப் பதிவு யாரிடம் இருக்க வேண்டும்?

மறுமொழி 2:
மூலம் மருத்துவரிடம், நகல் கட்டாயம் அந்த வீரரின் கையில். நிலைய அலமாரியை மட்டும் நம்ப வேண்டாம்.