"வாயைத் திறங்க செல்லம்": முன்பின் தெரியாதவர் கொஞ்சினால் அது அன்பா, அவமதிப்பா?

வடக்குவீதி:
அம்மாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் 34 வருடம் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். போன மாதம் இடுப்பெலும்பு முறிந்து ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் இருபத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாத்திரையோடு வந்தார். அம்மாவின் கன்னத்தை ரெண்டு தட்டுத் தட்டி, "செல்லம், வாயைத் திறங்க பாப்போம்... ஆங்... சமத்து!" என்றார். அம்மா மாத்திரையை விழுங்கினார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவர் மாலை வரை என்னிடம்கூடப் பேசவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் சொன்னார்: "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையைக்கூட நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கேன்."

அந்தப் பெண்ணிடம் துளி கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பழகாத ஒருவரைச் செல்லம், தங்கம், பட்டு, கண்ணு என்பது அவமதிப்புதான் என்று நினைக்கிறேன். கொஞ்சுவதற்கு ஓர் உறவு வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நைட்ஷிப்ட்:
கோவையில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு வருத்தம் வந்தது நியாயம். ஆனால் "அவமதிப்புதான்" என்று ஒரே போடாகப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

எங்கள் பக்கம் "கண்ணு" என்பதைச் செல்லப்பெயர் என்றே யாரும் நினைப்பதில்லை. பேச்சோடு பேச்சாக வரும். கீரைக்காரம்மா, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் ஆத்தா, எல்லோரும் "கொஞ்சம் தள்ளி உக்காரு கண்ணு" என்றுதான் சொல்வார்கள். அதில் நான் சின்னவள் என்ற மட்டம்தட்டல் இருந்ததாக ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு ராத்திரி சொல்கிறேன். பதினாறு படுக்கைக்கு நான் ஒருத்தி. ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் ரெண்டு மணிக்கு விழித்து, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் போனார். "சார், சார்" என்று நாலு தடவை கூப்பிட்டேன். பேரைச் சொன்னேன். காதில் விழவில்லை. கையைப் பிடித்து, "சாமி, விடுங்க சாமி, நானிருக்கேன்" என்றதும் அந்தக் கை தளர்ந்தது. விடியும்வரை என் விரலைப் பிடித்தபடி தூங்கினார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த நேரத்தில் என்னிடம் வேறு என்ன இருந்தது?

தாமிரபரணி:
நர்ஸ் சகோதரி சொன்னதுதான் சரி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஐந்து வயதுப் பையனை "ஏ ஐயா" என்பார்கள். பொம்பளப்பிள்ளை என்றால் "தாயி". நாகர்கோவில் போனால் "மக்கா", "மக்ளே" இல்லாமல் ஒருவர் வழிகூடச் சொல்ல மாட்டார். வழிப்போக்கனையும் சொந்தக்காரனாக்கிப் பேசுகிற பாஷை நம்முடையது. அதைப் போய் அவமதிப்பு என்று எழுதினால் மனசு வலிக்கிறது. அந்த நர்ஸ் பிள்ளை அன்பில் சொன்னது, விடும்மா.

வடக்குவீதி:
ஐயா, உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. "விடும்மா" என்று வந்ததும் நான் சொன்ன விஷயம் சின்னதாகிவிடுகிறது, பாருங்கள். இங்கே ஓர் ஆண் இதையே எழுதியிருந்தால் "விடுங்கள் சார்" என்றுதானே எழுதியிருப்பீர்கள்?

கவுண்டர்4:
நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், வயது 26. என் பக்கத்திலேயே ஓர் அண்ணன் நிற்கிறார். அதே கவுண்டர், அதே நீலக் கோட்டு. வருகிறவர் அவரிடம் "பாஸ், இந்தச் சீட்டுல இருக்கறதைக் குடுங்க" என்கிறார். என்னிடம் வந்ததும் "செல்லம், கொஞ்சம் சீக்கிரம்". சீட்டு ஒன்று, மாத்திரை ஒன்று. ரெண்டு பேருக்கும் ரெண்டு வார்த்தை ஏன்?

முகம் சுளித்தால், "அட, பாசமாத்தானே சொன்னேன், பொண்ணு கோவிச்சுக்குதே" என்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். முதலாளி, கஸ்டமரை விரட்டாதே என்பார். கடைசியில் நான்தான் பண்பில்லாதவள். எனக்கு அந்த வார்த்தையைவிட, அதை மறுக்க வழியில்லாமல் போவதுதான் எரிச்சல்.

2024-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்தமானில் பணியிலிருந்த பெண் காவலரைப் பார்த்து ஓர் ஆள் "என்ன டார்லிங், அபராதம் போட வந்தாயா" என்று கேட்டிருக்கிறான். தெருவில் முன்பின் தெரியாத பெண்ணை, அவர் போலீஸானாலும் இல்லாவிட்டாலும், டார்லிங் என்பது பாலியல் தொந்தரவு என்று நீதிபதி ஜெய் சென்குப்தா இந்திய தண்டனைச் சட்டம் 354-ஏ பிரிவின்படி சொன்னார். தண்டனைக் காலத்தைக் குறைத்தார், ஆனால் குற்றம் குற்றம்தான் என்று உறுதிசெய்தார். குடித்திருந்தான் என்பதும் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. தெளிவாக இருந்து சொல்லியிருந்தால் இன்னும் மோசம் என்றது தீர்ப்பு. "பாசமாத்தானே சொன்னேன்" என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தாமிரபரணி:
வடக்குவீதி அவர்களுக்கு, மன்னியுங்கள். எனக்கு 63 வயது, நாக்கு அப்படிப் பழகிவிட்டது. இனி எழுத மாட்டேன்.

ஆனால் கவுண்டரில் நின்று செல்லம் என்பவனையும், அந்தமான் ஆளையும் எங்கள் ஊர் ஆச்சியோடு ஒரே தராசில் வைக்காதீர்கள். அது வக்கிரம், அதற்குச் சட்டம் வரட்டும். பதநீர் விற்கும் ஆச்சி "குடி ராசா" என்பதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். திருடன் ஒருவன் வெள்ளை வேட்டி கட்டினான் என்று நாம் வேட்டியையே விட்டுவிடுவோமா?

கீழத்தெரு:
ராசா என்ற வார்த்தை வந்ததால் எழுதுகிறேன். எங்கள் அப்பாவுக்கு 66 வயது. அவர் வேலை பார்த்த தோட்டத்துக்காரருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அவர் அப்பாவைத் திட்டியதே இல்லை. "வா ராசா", "நம்ம பய" என்றுதான் கூப்பிடுவார், முகமெல்லாம் சிரிப்பாக. அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "சரிங்க சாமி" என்பார். நாற்பது வருடம் இப்படியே போனது. ஒரே ஒருநாள் அப்பா திரும்ப "வாங்க ராசா" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் தெருவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் எனக்கு அன்பா இல்லையா என்பது ரெண்டாவது கேள்வி. அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல முடியுமா? பதநீர் ஆச்சியிடம் "இன்னொரு பட்டை ஊத்து ஆச்சி, என் தங்கம்ல" என்று சொல்லலாம், அவரும் சிரிப்பார். அங்கே எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தோட்டத்துக்காரரிடம் சொல்ல முடியாது. கவுண்டர்4 தன் கஸ்டமரிடம் சொல்ல முடியாது. படுக்கையில் கிடக்கும் ஆசிரியை அம்மா அந்த நர்ஸின் கன்னத்தைத் தட்டி "சமத்து" என்று சொல்லியிருக்க முடியுமா?

இலக்கணப்பிரியன்:
தமிழாசிரியன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நன்னூலில் பவணந்தியார் சொல்கிறார்: "உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே." மகிழ்ச்சியிலோ கோபத்திலோ, உயர்த்தியோ தாழ்த்தியோ பேசும்போது ஆண், பெண், உயர்திணை, அஃறிணை மாறி வந்தாலும் பிழையில்லை. பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் "என் அம்மை வந்தாள்" என்பதைப் பாடத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லித் தருகிறோம். பெண்பிள்ளையை "வாடா கண்ணா" என்று நாம் அழைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

எனக்கு இதில் எப்போதும் வியப்பு, உவப்பையும் இழிப்பையும் அவர் ஒரே சூத்திரத்தில் வைத்ததுதான். மகளிடம் சொல்லும் "டா" உவப்பு. அதே "டா" கீழத்தெரு நண்பரின் அப்பாவிடம் சொல்லப்பட்டால் இழிப்பு. எழுத்து ஒன்றுதான். அதனால் "கண்ணு நல்ல சொல், செல்லம் கெட்ட சொல்" என்று பட்டியல் போட்டுப் பயனில்லை.

நாட்டிங்காம்வாசி:
இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன். இந்தப் பக்கம் கடைக்காரர், டிரைவர், எல்லோரும் எல்லோரையும் "மீ டக்" என்பார்கள். ஆணும் ஆணைச் சொல்வார். வந்த புதிதில் என்னை வாத்து என்கிறார்களே என்று விழித்தேன். ஆறு மாதத்தில் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். திருப்பிச் சொல்ல முடிந்ததால்தான் அது இனித்தது என்று இப்போது புரிகிறது.

ஆனால் நைட்ஷிப்ட் அவர்கள் சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். குழந்தையிடம் பேசுவதுபோல் முதியவர்களிடம் பேசினால் அடங்குவார்கள் என்பது எங்கள் தொழிலில் பலருடைய நம்பிக்கை. 2009-இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு, முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ளவர்களைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற நேரங்களில் எடுத்த வீடியோக்களை ஆராய்ந்தது. மழலைக் குரலில் கொஞ்சிப் பேசியபோதுதான் அவர்கள் கையைத் தட்டிவிடுவதும் முகத்தைத் திருப்புவதும் கத்துவதும் அதிகமாக இருந்தது. நினைவு மங்கியவர்களுக்கும் அது உறைக்கிறது. உங்கள் பெரியவர் அமைதியானது "சாமி" என்ற சொல்லாலா, நீங்கள் கையைப் பிடித்ததாலா?

இன்னொன்று. இங்கே கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர் இருந்தார், முதியோர் மருத்துவர். புற்றுநோய் வந்து அவரே நோயாளியாகப் படுத்திருந்தபோது, சிகிச்சைக்கு வந்த டாக்டர், நர்ஸ்களில் பலர் தங்கள் பேரைக்கூடச் சொல்லவில்லை என்று கவனித்தார். 2013-இல் "ஹலோ, என் பெயர் இன்னது" என்று சொல்லித் தொடங்குங்கள் என ஓர் இயக்கமே ஆரம்பித்தார். 2016-இல் இறந்துபோனார். எங்கள் சட்டையில் அந்த வாசகத்தோடுதான் பேர் அட்டை குத்தியிருக்கிறோம்.

நைட்ஷிப்ட்:
கையா, சொல்லா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் மழலைக் குரலில் பேசவில்லை, அது மட்டும் உறுதி. "சாமி" எங்கள் பக்கம் மரியாதைச் சொல்லும்கூட. கீழத்தெரு சொன்ன பிறகு அதே வார்த்தை ஒருவர் அப்பாவின் வாயில் எப்படி வந்தது என்பதும் மனதை உறுத்துகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். என் பேர் அட்டையும் 11 வருடமாகச் சட்டையில்தான் இருக்கிறது. படித்தவர்கள் குறைவு. "சிஸ்டர்", "ஏ பொண்ணு", "இந்தாம்மா". பேரில்லாமல் கூப்பிடப்படுகிற நாங்கள்தான் இன்னொருவரைப் பேரில்லாமல் கூப்பிடுகிறோம். அந்த 23 வயதுப் பெண்ணும் அப்படித்தான் இருப்பாள்.

வடக்குவீதி:
இதை நான் யோசிக்கவில்லை. அம்மா அங்கே எட்டு நாள் இருந்தார், அந்தப் பெண்ணின் பேரை நாங்கள் கேட்கவே இல்லை. நேற்று அம்மாவிடம் இந்த உரையாடலை வாசித்துக் காட்டினேன். "சாமி" விஷயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. "செல்லம்னதுகூடப் போகட்டும். சமத்துன்னு மார்க் போட்டா பாரு, அதான்" என்றார். என் எண்ணம் மாறவில்லை. பழகும்வரை பேரோ, அவரவர் விரும்பும் மரியாதைச் சொல்லோ போதும்.

தாமிரபரணி:
பழகுவதற்கு முன்னால் வருவதுதானே எங்கள் ஊர் "ஐயா"வும் "தாயி"யும்? அதை வைத்துத்தானே பழகவே ஆரம்பிக்கிறோம்? நானும் மாறவில்லை. ஆனால் இனி எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை சொல்வேன்.

நைட்ஷிப்ட்:
இன்று டியூட்டியில் நடந்ததை எழுதிவிடுகிறேன். ஆறாம் நம்பர் படுக்கையில் 78 வயதுப் பாட்டி. வழக்கமாக "ஆத்தா" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். இன்று என் பேரைச் சொல்லிவிட்டு, "உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். அம்மா, அத்தை, பெரியம்மா, பாட்டி, எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதாம். "எங்கண்ணன் போனதோட என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமப் போச்சு. நீ பேரைச் சொல்லியே கூப்பிடு கண்ணு" என்றார்.

கூப்பிட்டேன். "இன்னொருக்கா" என்றார்.