நண்பகல் சூரியனை அளந்தால் நான் நிற்கும் இடத்தை 13 கடல் மைல் வடக்கே காட்டுகிறது, பிழை எங்கே?

பாம்பன் மாணவர்:
கப்பல் பணித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். பொங்கலன்று தனுஷ்கோடியில் ஆண்கடல் (தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) பக்கம் நின்று, சூரியனின் பிம்பத்தை அடிவானத்துக்கு இறக்கிக் கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்டில் சூரியனின் உச்சி உயரத்தை அளந்தேன்; 59 பாகை 16 கலை (60 கலை ஒரு பாகை) வந்தது. அதை 90 பாகையிலிருந்து கழித்து, மீதியிலிருந்து சூரியன் அன்று நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே விலகியிருக்கும் கோணமான தெற்கு விலக்கம் 21 பாகை 20 கலையையும் கழித்தால், அட்சரேகை 9 பாகை 24 கலை ஆகிறது. கைபேசியோ 9 பாகை 11 கலை என்கிறது. ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்று பார்த்தால், மணலில் நின்றிருந்த என்னை இந்தக் கணக்கு வடக்கே உள்ள பெண்கடலுக்குள் (பாக் நீரிணைக்குள்) தள்ளிவிடுகிறது. கருவியின் சுழிப்பிழையை (சுழியைக் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் பிசகை) முன்பே சோதித்துவிட்டேன், அதில் குறையில்லை.

தொண்டி வாசகர்:
கடிகாரத்தில் 12 ஆனதும் அளந்தீர்களா? இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகைக்கு உரியது. தனுஷ்கோடி அதற்கு மூன்று பாகை மேற்கே இருப்பதால் உச்சிவேளை 12 நிமிடம் பிந்தும்; தை பிறக்கும் நாளில் சூரியனே மேலும் 9 நிமிடம் தாமதமாக வரும்.

பாம்பன் மாணவர்:
இல்லை ஐயா. 12.10 முதல் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். 12.21 அளவில் சூரியன் ஏறுவது நின்று, சற்று நேரம் அசையாதிருந்து, பிறகு இறங்கத் தொடங்கியது. அந்த உச்ச அளவைத்தான் எழுதினேன்.

கீழக்கரை, ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி:
தம்பி, நேரம் சரிதான். 12 மணிக்கே அளந்திருந்தால் அதனால் மட்டுமே ஏறத்தாழ அரைப் பாகை பிசகியிருக்கும். நீங்கள் அடிவானத்தில் தொடவைத்தது சூரியனின் கீழ் விளிம்பாகத்தான் இருக்க வேண்டும். அல்மனாக்கில் (கப்பலோட்டிகளின் வானியல் பஞ்சாங்கத்தில்) உள்ள விலக்கம் சூரியனின் மையத்துக்கு உரியது என்பதால், அரை விட்டமாகிய 16 கலையைக் கூட்ட வேண்டும். கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானம் தாழ்ந்து தெரிவதற்கு இரண்டரைக் கலையும், காற்று ஒளியை வளைப்பதற்கு அரைக் கலையும் கழியும். மிஞ்சும் 13 கலைதான் உங்கள் பிழை.

சித்திரை முதல் நாளையொட்டி இந்த முறை கைகொடுக்காது. சூரியன் அப்போது நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுவதால், அதை எந்தத் திசை அடிவானத்துக்கு இறக்குவது என்றே தெரியாது. தன் உயரத்தால் அட்சரேகையைக் காட்டும் துருவ நட்சத்திரமும் இங்கே 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். மூட்டம் இருந்தால் மறைந்துவிடும். அதே நட்சத்திரத்தை முடிச்சிட்ட நூலும் அதில் கோத்த சிறு மரப்பலகையான இராப்பலகையும் கொண்டு அளந்த சோழமண்டலக் கரை மாலுமிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பாம்பன் மாணவர்:
கீழ் விளிம்புதான் ஐயா. உயரத்தை 59 பாகை 29 கலையாகத் திருத்தியதும் 9 பாகை 11 கலை வந்துவிட்டது. என் குறிப்பேட்டில் விளிம்பை எழுத இடமே இருக்கவில்லை. இப்போது அதற்கென ஒரு கட்டம் போட்டுவிட்டேன்.