அகதிகள் பற்றி வகுப்பில் விவாதம்: ஆலோசனை வேண்டும்

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களோடு வாரம் ஒருமுறை உலகச் சமூகப் பிரச்சினைகளைப் பேசி வருகிறோம். அடுத்த தலைப்பு அகதிகள். அனுபவம் உள்ள ஆசிரியர்கள் உதவுங்கள்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். இனம், மதம், நாட்டுரிமை, அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது ஆகிய காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறியவரையே அது அகதி என்கிறது. கடல் ஊருக்குள் புகுந்ததால் மட்டும் கிளம்பியவர் அதில் வரமாட்டார். நல்ல விவாதம் இந்த இடத்தில்தான் பிறக்கும் என்று நம்புகிறேன்.

என் கவலை வேறு. வகுப்பில் ஒரு மாணவியின் குடும்பமே போரால் இடம்பெயர்ந்தது. பேச்சு தொடங்கியதும் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் விரும்பினால் பேசட்டும். சாட்சி சொல்லும் கட்டாயம் வரக்கூடாது. முன்பே தனியாகக் கேட்பது சரியா, அதுவே அழுத்தமாகிவிடுமா?

அப்புறம், "அவர்களை நாம் ஏன் ஏற்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியை அடக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் காயப்படாமல் அதை எப்படிக் கொண்டுபோவது? பெயர் போடாமல் சீட்டில் எழுதி வாங்கிப் பேசும் முறையை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?