ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-இல் (மெய்நிகர் கணினியில்) இருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்ற வேண்டும், எப்படி?

நெல்லைநெட்:
வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் ப்ராக்ஸ்மாக்ஸ் 8 (விஎம்-களை ஓட்டும் மென்பொருள்), அதில் ஒரு டெபியன் லினக்ஸ் விஎம், அதற்குள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். விஎம்-க்கு மூன்று டிஸ்க்: ஸ்கஸி0 ஓஎஸ், ஸ்கஸி1 டேட்டாபேஸ், ஸ்கஸி2 பழைய பேக்கப். மூன்றாவது இனித் தேவையில்லை, இடம் வீணாகிறது. விஎம்-ஐ நிறுத்தாமல் கழற்றலாமா? டிடாச் பொத்தான் கண்முன்னே இருக்கிறது, அழுத்தக் கை வரவில்லை. போன வருடம் இதே மாதிரி வேலையில் தவறான டிஸ்க்கைக் கழற்றி, விடிய விடிய ரீஸ்டோர் செய்தேன். விஎம்-க்குள் பார்த்தால் டிஸ்க்குகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி. எஸ்டிசி தானே ஸ்கஸி2? கடைசி இரண்டும் 500 ஜிபி, அளவை வைத்தும் பிரிக்க முடியவில்லை.

கெர்னல்பித்தன்:
அந்த “தானே”தான் ஆபத்து. எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் பூட் ஆகும்போது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்ட வரிசையில் வைக்கிற பெயர், அடுத்த பூட்டில் மாறலாம். விஎம்-க்குள் டெவ் கோப்புறையில் டிஸ்க், அதற்குள் பை-ஐடி போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் டிரைவ்-ஸ்கஸி1, டிரைவ்-ஸ்கஸி2 என்று முடியும், அது எந்த எஸ்டிக்குப் போகிறது என்று பக்கத்திலேயே காட்டும். அந்த எண்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் இருக்கும் எண்.

அப்புறம் வேலை உள்ளே இருந்து தொடங்க வேண்டும். முதலில் அந்த டிஸ்க்கை அன்மவுன்ட் செய்யுங்கள் (கோப்பு அமைப்பிலிருந்து விலக்குங்கள்). பிஸி என்று சொன்னால் ஏதோ ஒரு ப்ராசஸ் அதைப் பிடித்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்து நிறுத்துங்கள், லேஸி அன்மவுன்ட் (பிடித்திருக்கும்போதே பெயரளவில் விலக்குவது) போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். எல்விஎம் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) இருந்தால் அந்த டிஸ்க்கின் வால்யூம் குரூப்பையும் டீஆக்டிவேட் செய்யுங்கள். எஃப்ஸ்டேபில் (பூட்டில் எந்த டிஸ்க்கை மவுன்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) அந்த டிஸ்க்கின் வரியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டில் இல்லாத டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் டிடாச்.

டிடாச் செய்தால் டேட்டா அழியாது, அன்யூஸ்டு டிஸ்க் என்று அதே பக்கத்தில் இருக்கும். அதன் மேல் ரிமூவ் அழுத்தினால்தான் நிஜமாகவே போகும். அந்த ரிமூவை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், தயவுசெய்து.

மதுரை_சர்வர்:
மேலே சொன்னது சரி. ஆனாலும் டேட்டாபேஸ் விஎம் என்றால் நான் ஞாயிறு காலை பத்து நிமிடம் டவுன்டைம் கேட்டு வாங்கி, ஷட்டவுன் செய்துதான் கழற்றுவேன். ஓடும்போது கழற்றுவது கெஸ்ட் ஓஎஸ்-இடம் (விஎம்-க்குள் ஓடும் ஓஎஸ்) வைக்கும் வேண்டுகோள் மாதிரிதான். அது ஒத்துழைக்கவில்லை என்றால் மாற்றம் பெண்டிங் என்று நிற்கும். அப்போது பலர் விஎம்-க்குள் ரீபூட் கொடுத்துவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். உள்ளே ரீபூட் செய்தால் வெளியே ஓடும் க்யூஎம்யூ (விஎம்-ஐ ஓட்டும் நிரல்) ப்ராசஸ் அதேதான், எதுவும் மாறாது. ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கமிருந்து ரீபூட் கொடுங்கள், இல்லை ஷட்டவுன் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிசிஐ_பாண்டி:
டிஸ்க் கேள்விதான், ஆனால் பாஸ்த்ரூ (ஹோஸ்ட், அதாவது விஎம் ஓடும் மெஷினின் கார்டை நேரடியாக விஎம்-க்குக் கொடுப்பது) வைத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள், அங்கேயும் இதே பெயர்க் குழப்பம்தான். ஒரு விஎம்-க்கு நெட்வொர்க் கார்டு கொடுத்திருந்தேன், அதன் பிசிஐ முகவரி 03:00. பிறகு ஹோஸ்டில் புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்க் போட்டேன், முகவரிகள் எல்லாம் ஒன்று தள்ளிப்போய்விட்டன. 03:00 இப்போது ஹோஸ்டின் சாட்டா கன்ட்ரோலர்! விஎம் தானாகவே ஸ்டார்ட் ஆகி அதைப் பிடுங்கிக்கொண்டது, ஹோஸ்ட் டிஸ்க் மொத்தமும் அதில்தான் இருந்தது, மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. பவரை அணைத்து என்விஎம்இ-ஐக் கழற்றிய பிறகுதான் எழுந்தது.

8-ஆம் பதிப்பில் ரிசோர்ஸ் மேப்பிங் வந்திருக்கிறது. வெறும் முகவரியைக் கொடுக்காமல் அதில் பதிந்து கொடுத்தால், அந்த இடத்தில் வேறு டிவைஸ் இருக்கும்போது விஎம் ஸ்டார்ட் ஆகாது, பிழை காட்டி நின்றுவிடும். எதுவானாலும் கார்டு மாற்றும் முன் அந்த விஎம்-இன் ஸ்டார்ட் அட் பூட்டை எடுத்துவிடுங்கள்.

நெல்லைநெட்:
எல்லோருக்கும் நன்றி. பை-ஐடி பார்த்தேன், எஸ்டிசிதான் டேட்டாபேஸ், பேக்கப் எஸ்டிபி. நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ். மதுரை_சர்வர் அண்ணன் சொன்னபடி ஞாயிறு 7 மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். எஃப்ஸ்டேபில் டேட்டாபேஸும் எஸ்டிசி என்றே எழுதியிருக்கிறது, அதையும் அன்றைக்கே யூயூஐடிக்கு (ஃபைல்சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) மாற்றிவிடுகிறேன்.