பன்றிக்கால் இல்லாத ஸ்னெர்ட்: கெட்டியாகுமா?

வெண்கலப்பானை:
ஸ்னெர்ட் நெதர்லாந்தின் குளிர்காலப் பட்டாணி சூப். கரண்டியை நட்டால் சாயக்கூடாது. பன்றிக்கால், விலா எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின் இல்லாமல், இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத வீகன் ஸ்னெர்ட்டா? பருப்புத் தண்ணீர்னு சொல்லுங்க.

ஈயச்சொம்பு:
கெட்டியாக்குவது முக்கியமா பட்டாணியின் மாவுச்சத்துங்க. உடைத்த பச்சைப் பட்டாணி 500 கிராம், தண்ணீர் 2 லிட்டர். நுரையை எடுத்துட்டு 45 நிமிடம் சிறுதீயில். அப்புறம் செலரிக்கிழங்கு 300 கிராம், உருளைக்கிழங்கு 2, கேரட் 2 நறுக்கிப் போட்டு இன்னும் அரை மணி. ராத்திரி ஆற வைங்க, காலையில கரண்டி நிற்கும். மறுநாள் சூப்தான் சுவை என்பது டச்சுக்காரங்களே சொல்றது.

வெண்கலப்பானை:
கெட்டி சரி. உதட்டில் ஒட்டுற வழவழப்பு? புகை மணத்தைத் தாங்க கொழுப்பு வேணாமா?

ஈயச்சொம்பு:
வேணும், இது நியாயமான கேள்வி. லீக்ஸை (பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும்) 4 மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, அடுப்பை அணைச்சுட்டு புகையூட்டிய பாப்ரிகா தூள் 2 தேக்கரண்டி சேர்த்து அப்படியே பானையில் கொட்டணும். அடுப்பு எரியும்போது போட்டா கருகிக் கசக்கும்.

கல்சட்டி:
2 தேக்கரண்டியா! சூப் செம்மண் நிறமாகி, செலரிக்கிழங்கின் மணமே அமுங்கிடும். பாதி போதும். புகை மணம் மேலே போடும் துண்டுகளில் இருக்கட்டும்: புகையூட்டிய டோஃபுவை (சோயா பன்னீர்) தனியா முறுகப் பொரிச்சு, பரிமாறும்போது தூவுங்க. ரோக்வொர்ஸ்ட், அதாவது சூப்பில் போடும் டச்சு சாசேஜ், இறைச்சியில்லாத வகையா வாங்கினா அட்டையைப் படிங்க. சைவம்னு போட்டதிலும் முட்டை வெள்ளைக்கரு இருக்கலாம். வீகன் வகையைக் கொதிக்க விட்டா ஊறிப் பொதபொதன்னு ஆகும். அடுப்பை அணைச்ச சுடுநீரில் 10 நிமிடம் போதும்.

வெண்கலப்பானை:
ஒரு மணி நேரம் ஆகியும் பருப்பு வேகலைன்னா?

கல்சட்டி:
பழைய பருப்பு, இல்லைன்னா கடின நீர். தக்காளியோ வினிகரோ முன்னாடியே சேர்த்தாலும் கரையாது. சோடா உப்பு ஒரு சிட்டிகை உதவும், கூடினா சோப்பு வாடை. அடிப்பிடிச்சா சுரண்டாதீங்க, மேலாக வேறு பானைக்கு மாத்துங்க. கெட்டியான பிறகு கவனிக்காம விடுறதுலதான் பலர் பானையைக் கெடுக்கிறது.

வெண்கலப்பானை:
டோஃபுவை ஏத்துக்கிறேன். ஆனா கடுகு தடவின ரை ரொட்டிமேல பன்றிக்கொழுப்புத் துண்டுக்குப் பதிலா டோஃபுவை வைக்கச் சொன்னா சண்டைக்கு வருவேன்.

ஈயச்சொம்பு:
வாங்க. மெலிசா சீவி, எண்ணெய் தடவிச் சுட்ட டோஃபுவோட காத்திருக்கேன்.