புதுப்பிப்பு: மூணு பக்க ஃபார்ம் பிரச்சினை தீர்ந்துச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, திருமங்கலத்து கல்யாண மண்டப புக்கிங், ஸ்ட்ரட்ஸ் 1-ல (ஜாவால வெப்சைட் கட்டுற பழைய ஃப்ரேம்வொர்க்) மூணு பக்க ஃபார்ம். முதல் பக்கத்துல பேரு, தேதி போட்டு 'அடுத்து' அமுக்குனா, மூணாம் பக்கத்து அட்வான்ஸ் தொகை எங்கேன்னு எரர்.

தப்பு என்னோடதுதான். ஜேஎஸ்பி-ல (பக்கத்தைக் காட்டுற ஃபைல்) பேஜ் நம்பரை ஹிட்டன் ஃபீல்டா (கண்ணுக்குத் தெரியாத கட்டமா) வச்சவன், வேலிடேஷன் எக்ஸ்எம்எல்-ல (எதை எப்படி செக் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது எந்தப் பக்கம்ங்கிற நம்பரைக் குடுக்கல. குடுக்கலைன்னா 0-ன்னு எடுத்துக்கிட்டு எல்லா பக்கத்துலயும் செக் பண்ணும். இப்போ குடுத்துட்டேன்; ஃபார்ம்ல இருந்து வர்ற பேஜ் நம்பரும் அதுக்குக் கீழ உள்ளதும் மட்டும் செக் ஆகுது.

அடுத்த கூத்து: ரெண்டாம் பக்கத்துல போட்ட 'சமையல் வேணும்' டிக், மூணாம் பக்கம் போறதுக்குள்ள காணாம! ஃபார்ம் செஷன்ல (பக்கம் மாறினாலும் சர்வர் ஞாபகம் வச்சுக்கிற இடம்) இருக்கு, ரீசெட்ங்கிற மெத்தட் பக்கம் அனுப்புற ஒவ்வொரு தடவையும் ஓடி அந்த டிக்கை அழிச்சிருக்கு. ரிக்வெஸ்ட்ல (பிரவுசர் அனுப்புறதுல) பேஜ் 2 வந்தா மட்டும் அழிக்கச் சொல்லிட்டேன். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு ஜிகர்தண்டா செலவு.

மண்டபத்து அண்ணன், "தம்பி, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் வந்துட்டாங்கய்யா"ன்னு போன்ல நிக்கிறாரு.